மகோமே–சுமாகோ நடைவழி: பழமை எதில் இருக்கிறது?

வழியும் கேள்வியும்

ஜப்பானின் நடுப்பகுதியில், கிசோ பள்ளத்தாக்கின் தென்முனையில், மகோமே, சுமாகோ என்ற இரண்டு சிற்றூர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு மலை. மலையின் கணவாயைக் கடந்து இரண்டு ஊர்களையும் இணைக்கும் நடைவழியின் நீளம் சுமார் 8 கி.மீ. மகோமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவின்மீது அமைந்த ஊர். கணவாயின் உயரம் சுமார் 800 மீட்டர். மறுபுறம் வழி இறங்கிக்கொண்டே போய், 400 மீட்டரைச் சற்றே தாண்டிய தாழ்வில் இருக்கும் சுமாகோவை அடைகிறது. மகோமேயிலிருந்து புறப்படுகிறவருக்கு ஏற்றம் குறைவு என்பதால் பெரும்பாலோர் அந்தத் திசையிலேயே நடக்கிறார்கள். நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம்.

எடோ எனப்பட்ட இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் மலைநாட்டின் ஊடாக இணைத்த நகசெந்தோ பெருவழியின் ஒரு துண்டுதான் இந்த எட்டுக் கிலோமீட்டர். இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. பயணக் கையேடுகள் இதைச் சாமுராய்கள் நடந்த பாதை, நானூறு ஆண்டுகளாக மாறாமல் இருப்பது என்று வருணிக்கின்றன. மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் முறைகளை ஐயத்தோடு பார்ப்பவர்களோ, 1960களின் இறுதியில் வருகையாளர்களுக்காகப் போடப்பட்ட நாடகக் காட்சி என்று இதை ஒதுக்குகிறார்கள். இரு தரப்பிடமும் சான்று இருக்கிறது. ஆனால் இருவரும் பழமையைத் தேடுகிற இடம் ஒன்றே: கல்லிலும் மரத்திலும். அங்கே கிடைப்பது கொஞ்சம். நிலத்தில் வழி செல்லும் தடத்திலும், அதைச் சுற்றியிருக்கும் காட்டிலும், ஊரார் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டிலும் தேடினால் கிடைப்பது அதிகம். அந்தச் சான்றுகளைக் கால வரிசையில் எடை போட்டுப் பார்க்கலாம்.

பெருவழியின் ஏற்பாடு

1600இல் செகிகஹாரா போரில் வென்ற தொகுகாவா இயெயாசு, மறு ஆண்டிலிருந்தே நாட்டின் பெருவழிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். கடலோரமாகச் செல்லும் தோக்காய்தோ முதலில் சீரமைக்கப்பட்டது, அடுத்து நகசெந்தோ. பின்னதன் நீளம் சுமார் 530 கி.மீ. அதில் பயணிகள் தங்கவும் சுமை மாற்றவும் அமைந்த 69 சாவடி ஊர்கள். எடோவிலிருந்து எண்ணிவந்தால் சுமாகோ 42ஆவது, மகோமே 43ஆவது. கிசோ பள்ளத்தாக்கில் இருந்த பதினொரு சாவடி ஊர்களில் மகோமேதான் கடைசி; அதைத் தாண்டினால் மலை விலகிச் சமவெளி தொடங்கிவிடும். இரண்டு ஊர்களுக்கும் இடைத்தூரம் 2 ரீ. ஒரு ரீ என்பது சுமார் 3.9 கி.மீ.; பெருவழி நெடுகிலும் ரீக்கு ஒன்றாக மண்மேடு எழுப்பி, மரம் நட்டுத் தூரம் குறித்திருந்தார்கள்.

பிரதேச ஆட்சியாளர்களான டைமியோக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் வந்து இருக்க வேண்டும் என்ற விதி 1635இல் கட்டாயமானது. அதனால் பெருவழிகளில் ஊர்வலங்கள் ஓயாமல் நடந்தன. நகசெந்தோவைப் பயன்படுத்திய டைமியோக்கள் முப்பதைச் சுற்றியே இருப்பர். தோக்காய்தோவின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் தோக்காய்தோவில் ஓய் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. வெள்ளம் வந்தால் பயணிகள் நாள்கணக்கில் கரையில் கிடக்க வேண்டியதுதான். மலைவழி நீளம் என்றாலும் அந்தத் தொல்லை இல்லாதது. அரண்மனைப் பெண்களின் மணப்பயணங்கள் இவ்வழியே போனதற்கு இது ஒரு காரணம். அவற்றுள் பெரியது 1861இல் நடந்தது: பேரரசர் கோமெய்யின் தங்கை கசுனோமியா, எடோவிலிருந்து நாட்டை ஆண்ட ஷோகன் இயெமொச்சியை மணக்கக் கியோட்டோவிலிருந்து எடோ சென்றபோது, அவருடைய பரிவாரம் கிசோ பள்ளத்தாக்கைக் கடக்கவே பல நாள் பிடித்தது.

இந்தப் போக்குவரத்தைத் தாங்கியவர்கள் சாவடி ஊர்க்காரர்கள். கிசோவின் ஒவ்வொரு சாவடி ஊரும் அரசுப் பணிக்கென 25 ஆட்களையும் 25 குதிரைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரு சாவடியில் ஏற்றிய சுமை அடுத்த சாவடிவரை போகும். அங்கே வேறு ஆள், வேறு குதிரை. சுமை அதிகமானால் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கட்டாய ஊழியத்துக்கு ஆள் பிடிப்பார்கள். அறுவடை நேரம் என்றும் பார்ப்பதில்லை. கிராமங்களின் முறையீட்டு மனுக்கள் பல இந்த ஊழியத்தைப் பற்றியவையே. சாமுராய் பாதை என்ற பெயர் நடந்தவர்களை நினைவில் வைத்திருக்கிறது, சுமந்தவர்களை வைத்திருக்கவில்லை.

1843இல் ஷோகன் அரசு எடுத்த கணக்கு இரண்டு ஊர்களின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. சுமாகோவில் 83 வீடுகள், 418 பேர், 31 விடுதிகள். மகோமேயில் 69 வீடுகள், 717 பேர், 18 விடுதிகள். டைமியோக்கள் தங்கும் தலைமை விடுதியான ஹோன்ஜின் ஒன்றும், அதற்குத் துணையான வகிஹோன்ஜின் ஒன்றும் இரு ஊர்களிலும் இருந்தன. சுமாகோவில் மூன்று வீட்டுக்கு ஒன்றுக்கும் மேல் விடுதி என்றாகிறது. கிழக்கே ஈதா நகருக்குச் செல்லும் வழி அதன் அருகில் பிரிந்தது. கூட்டுச் சாலை ஊருக்குரிய வியாபாரம் அதற்கு இருந்தது. மகோமேயில் விடுதி குறைவு, வீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஆள்கள். அடுத்தடுத்த ஊர்கள், ஒரே பெருவழி, ஒரே ஊழியம்; ஆனாலும் பிழைப்பின் அமைப்பு ஒன்றாக இல்லை. பிற்காலத்தில் இரண்டும் வெவ்வேறு திசையில் போனதைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

காடும் காவலும்

நடப்பவர்களைக் கவர்வதில் ஊர்களுக்கு இணையானது காடு. கணவாயிலிருந்து சுமாகோ பக்கம் இறங்கும்போது ஹினோகி, சவாரா மரங்கள் நெடிது நிற்கின்றன. தரை நிழலில் ஈரமாக இருக்கிறது. பக்கத்தில் ஓடை ஓடும் சத்தம் வழி நெடுகக் கூட வருகிறது. மனிதர் கைபடாத இயற்கை என்று இதைப் படிப்பது எளிது. வரலாறு வேறு சொல்கிறது.

கிசோ பள்ளத்தாக்கு 1615 முதல் ஓவாரி ஆட்சிப்பகுதியின் உடைமை. கோட்டைகளும் கோயில்களும் நகரங்களும் எழும்பிய 17ஆம் நூற்றாண்டில் கிசோவின் ஹினோகி வெட்டித் தீர்க்கப்பட்டது. காடு மொட்டையாகிவிடும் என்ற நிலையில் மலைகளை மூடினார்கள். பிறகு ஹினோகி உள்ளிட்ட ஐந்து வகை மரங்களை ஊரார் வெட்டுவது தடை செய்யப்பட்டது. ஒரு மரத்துக்கு ஒரு தலை என்று அந்தத் தண்டனையின் கடுமை இன்றும் அங்கே பேசப்படுகிறது.

அந்தக் காவலின் தடயம் நடைவழியிலேயே இருக்கிறது. கணவாய்க்கும் சுமாகோவுக்கும் இடையே இச்சிகோகுதோச்சி என்ற இடத்தில் 1749 முதல் 1869 வரை மரச் சோதனைச் சாவடி ஒன்று இயங்கியது. கிசோவிலிருந்து வெளியே போகும் மரத்தை அங்கே நிறுத்திப் பார்ப்பார்கள். பெரிய கட்டைகள் மட்டுமல்ல, வீட்டுக்கு வேண்டிய சிறு மரச்சாமான்கள்கூடச் சூட்டுமுத்திரை இல்லாமல் தாண்ட முடியாது. இன்று அந்த இடத்தில் பழைய தேநீர் வீடு ஒன்று நிற்கிறது. அகன்ற கூரை, மண்தரை, நடுவே எரியும் கணப்பின்மேல் தொங்கும் இரும்புக் கெண்டி. உள்ளூர்த் தொண்டர்கள் நடப்பவர்களுக்குக் காசு வாங்காமல் தேநீர் தருகிறார்கள். உத்தரங்கள் புகையேறிக் கறுத்திருக்கின்றன. களைப்பாறும் இடமாக மட்டும் நடப்பவர்கள் அறிந்துசெல்லும் இந்தத் திருப்பம், 120 ஆண்டுகள் அவ்வூர் மக்களின் மூட்டையை அவிழ்த்துப் பார்த்த இடம்.

ஷோகன் ஆட்சி முடிந்து மெய்ஜி ஆட்சி வந்ததும் காடு மக்களுக்குத் திறந்துவிடப்படும் என்று கிசோ எதிர்பார்த்தது. நடந்தது நேர்மாறு. முன்பு புழங்கிவந்த மலைகளும் அரசுக் காடாக அறிவிக்கப்பட்டன. பின்னர் அவை பேரரசர் குடும்பத்தின் உடைமையாயின. இதை எதிர்த்து மனு எழுதியவர்களில் முதன்மையானவர் மகோமே ஹோன்ஜினின் தலைவர் ஷிமாசாகி மசாகி. அதற்கு அவர் ஊர்த் தலைமைப் பதவியையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. இன்றைய காட்டின் அழகில் மக்களைத் தள்ளிவைத்த இரண்டு ஆட்சிகளின் பங்கு இருக்கிறது.

கைவிடப்பட்ட காலம்

டைமியோக்களின் எடோ வாச விதி 1862இல் தளர்ந்தது. 1872க்குள் சாவடி முறையே ஒழிக்கப்பட்டது. ஊழியத்திலிருந்து விடுதலை கிடைத்தது. கூடவே வருமானமும் போயிற்று. 1892இல் கிசோ ஆற்றங்கரை வழியே புதிய சாலை போடப்பட்டபோது அது இரண்டு ஊர்களையும் தொடவில்லை. ரயிலும் ஆற்றையே பின்பற்றியது. சுமாகோவுக்கு அருகிலுள்ள மிதோனோ நிலையம் (இப்போது நகிசோ) 1909இல் திறக்கப்பட்டது. 1911இல் சூவோ ரயில் பாதை முழுவதும் இணைந்தது. மலைக்கு மேல் ஏறி இறங்கும் எட்டுக் கிலோமீட்டருக்கு அதன்பின் யாருக்கும் தேவை இருக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் வயலுக்கும் விறகுக்கும் போய்வரும் வழியாக அது மிஞ்சியது.

வழியின் பழமை பிழைத்ததற்கு முதல் காரணம் இந்தப் புறக்கணிப்புதான் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தோக்காய்தோவின் தடத்தை நெடுஞ்சாலையும் நகரங்களும் ரயிலும் விழுங்கிவிட்டன. இங்கே விழுங்க யாரும் வரவில்லை. சுமாகோவில் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் வசதி பலருக்கு இல்லாததால் வீடுகள் நின்றன.

ஆனால் இந்த விளக்கத்தை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. புறக்கணிப்பு காப்பாற்றும், அதே கையால் அழிக்கவும் செய்யும். சுமாகோ ஹோன்ஜின் மெய்ஜி காலத்திலேயே இடிக்கப்பட்டது. மகோமேயின் மரவீடுகளை 1895, 1915 ஆகிய ஆண்டுகளின் தீ விபத்துகள் அழித்தன. ஹோன்ஜின் முதல் தீயில் போயிற்று. அதன் வளாகத்தில் முதியோர் இருந்த பின்கட்டு வீடு மட்டும் தப்பியது. சுமாகோவில் இன்று எல்லோரும் பார்க்கும் பெரிய வீடு வகிஹோன்ஜின் ஒகுயா. அது 1877இல் கட்டியது. அதாவது ஷோகன் ஆட்சி முடிந்து, சாவடி முறையும் ஒழிந்த பிறகு. வீடு முழுக்க ஹினோகி. முந்தைய ஆட்சியில் அந்த மரத்தை அப்படிப் பயன்படுத்தியிருக்கவே முடியாது. சாவடி ஊரின் முகமாகக் காட்டப்படும் கட்டடம், சாவடி ஊருக்கான தடைகள் நீங்கியதைக் கொண்டாடி எழுந்தது என்பது கையேடுகள் அதிகம் வாய் திறக்காத விஷயம்.

மகோமே: நாவல் காத்த ஊர்

மகோமேயை மீட்டது இலக்கியம். ஷிமாசாகி மசாகியின் கடைசி மகன் 1872இல் மகோமே ஹோன்ஜினில் பிறந்தார். ஷிமாசாகி தோசோன் என்ற பெயரில் நவீன ஜப்பானிய இலக்கியத்தின் முன்னணி எழுத்தாளர்களில் ஒருவரானார். அவருடைய 'விடியலுக்கு முன்' நாவல் 1929 முதல் 1935 வரை 'சூவோ கோரோன்' இதழில் வெளியானது. தந்தையை மாதிரியாகக் கொண்ட அஓயாமா ஹன்சோ என்ற பாத்திரம் வழியே, மெய்ஜி மாற்றத்தைத் தலைநகரிலிருந்து அல்லாமல் ஒரு சாவடி ஊரின் திண்ணையிலிருந்து பார்க்கிற நாவல் அது. கசுனோமியாவின் பரிவாரம், ஊழியச் சுமை, காட்டுரிமை மனு, ஏமாற்றம், கடைசியில் மனநிலை குலைந்து சொந்த வீட்டிலேயே அடைக்கப்பட்டு இறத்தல் என்று அதில் வருவன பலவும் மசாகியின் வாழ்வில் நடந்தவை. மசாகி இறந்தது 1886இல்.

நாவலில் இந்தக் கணவாய்ப் பாதை அடிக்கடி வருகிறது. அதற்குக் காரணம் கற்பனை மட்டுமன்று. தோசோனின் தாய் சுமாகோ ஹோன்ஜின் வீட்டுப் பெண். தோசோனின் அண்ணன் ஒருவர் அதே வீட்டுக்குத் தத்துப்போனார். இரண்டு தலைமை விடுதிகளுக்கும் பூர்வீகம் ஒன்றே. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுமாக இருந்த உறவு அந்த எட்டுக் கிலோமீட்டரில்தான் நடமாடியது. டைமியோ ஊர்வலம் ஆண்டுக்குச் சில முறை வந்திருக்கும். அந்த வழியை ஆண்டு முழுவதும் மிதித்தவர்கள் சம்பந்திகளும் சுமைக்காரர்களும்தான்.

தோசோன் 1943இல் காலமானார். 1947இல் மகோமே ஊரார் தங்கள் உழைப்பிலேயே, ஹோன்ஜின் எரிந்த இடத்தில் அவருக்கு நினைவகம் கட்டினார்கள். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் தனிகுச்சி யோஷிரோ. போர் முடிந்து இரண்டே ஆண்டு. நாடே பற்றாக்குறையில் கிடந்த நேரம். எரிந்த மாளிகையை அவர்கள் திரும்பக் கட்ட முனையவில்லை. அது நின்ற தரை வெளியாகவே விடப்பட்டது.

மகோமேயை இரண்டாம் தரமாக மதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தெருவில் இன்று பாவியிருக்கும் கல்தளம் சாவடிக் காலத்தது அல்ல. வீடுகள் தீக்குப் பின் எழுந்தவை. கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. இவை எல்லாம் உண்மை. ஆயினும் இல்லாததை இல்லாததாகவே வைத்திருக்கும் நேர்மை மகோமேயின் நடுவில் இருக்கிறது. அசல் ஊர் என்று புகழப்படும் சுமாகோதான், தன் ஹோன்ஜினைப் பழைய வரைபடத்தைப் பார்த்து 1995இல் புதிதாக எழுப்பிக்கொண்டது.

சுமாகோ: உடன்படிக்கை காத்த ஊர்

1960களில் சுமாகோவிலிருந்து இளையவர்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீடுகள் பாழடைந்துகொண்டிருந்தன. நகிசோ நகராட்சி அலுவலர்கள் சிலரும் ஊராரும் பழம்பொருள்களைத் திரட்டத் தொடங்கியதில் ஆரம்பித்து, வீடுகளையே காக்க வேண்டும் என்ற இடத்துக்கு முயற்சி நகர்ந்தது. 1968இல் ஊரார் அனைவரும் உறுப்பினராக 'சுமாகோவை நேசிப்போர் சங்கம்' அமைந்தது. மெய்ஜி மாற்றத்தின் நூற்றாண்டு நிறைவை ஒட்டி நகானோ மாகாணம் நிதி ஒதுக்கியது. கட்டடவியல் வரலாற்றறிஞர் ஓதா ஹிரோதாரோவின் வழிகாட்டலில், 1968–70இல் தெராஷிதா பகுதியைச் சுற்றி 26 வீடுகள் சீரமைக்கப்பட்டன. தெருவை நோக்கிய முகப்பு பழைய சட்டங்களோடும் மரக்கிராதிகளோடும் மீட்கப்பட்டது. மின்கம்பங்கள் வீடுகளுக்குப் பின்னால் நகர்ந்தன.

அதே வேளையில் ஜப்பானிய தேசிய ரயில்வே 1970இல் 'டிஸ்கவர் ஜப்பான்' விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. மகளிர் பத்திரிகைகளைக் கையில் பிடித்த இளம்பெண்கள் கூட்டமாகச் சிற்றூர்களுக்கு வரத் தொடங்கினார்கள். சுமாகோ அவர்களின் பட்டியலில் இருந்தது. வியாபாரம் பெருகினால் வெளியூர்ப் பணம் வந்து வீடுகளை வாங்கிவிடும் என்ற அச்சம் உடனே எழுந்தது. 1971இல் ஊரார் ஒரு சாசனத்தை ஏற்றார்கள். அதன் சாரம் மூன்று: விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது.

இந்த வரிசை கவனிக்கத்தக்கது. கட்டடத்தைக் காப்பது நோக்கமென்றால் இடிக்காமையே முதலில் வந்திருக்க வேண்டும். சாசனத்தில் அது கடைசியில் வருகிறது. முதல் இரண்டும் உடைமை யார் கையில் இருக்கும் என்பதைப் பற்றியவை. மரத்தைக் காப்பதற்கு முன் ஊரை ஊராரிடமே வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாடகக் காட்சி என்ற விமர்சனம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. காட்சித்தட்டிக்குப் பின்னால் யாரும் குடியிருக்க மாட்டார்கள். இங்கே கிராதிக்குப் பின்னால் குடும்பம் இருக்க வேண்டும் என்பதே விதி.

1973இல் நகராட்சி பாதுகாப்பு விதிகளை இயற்றியது. 1975இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, தனிக் கட்டடங்களை மட்டுமன்றித் தெருக்களையும் ஊர்ப்பகுதிகளையும் சேர்த்துக் காக்க வழி பிறந்தது. 1976இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பகுதிகளில் சுமாகோ ஒன்று. ஷிரகவா-கோவின் ஓகிமாச்சி, கியோட்டோவின் கியோன் ஷின்பாஷி ஆகியவை உடன் வந்தவை. சுமாகோவுக்கு வரையப்பட்ட எல்லை சுமார் 1,245 ஹெக்டேர். ஊரின் வீட்டு வரிசை இதில் ஒரு சிறு புள்ளி. மீதி எல்லாம் வயல், மலை, காடு, ஓதுமாகோ போன்ற குடியிருப்புகள், அவற்றின் ஊடாகக் கணவாயை நோக்கி ஏறும் நடைவழி. தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படும் மலையும் ஊரின் பகுதிதான் என்று சட்டம் ஏற்ற இடம் இது. ஊரைக் காத்த ஏற்பாடு வழியைக் காத்ததும் இந்த எல்லைக்கோட்டினால்தான்.

கல், தடம், அசல்

இனி, நடப்பவரின் காலடியில் இருப்பது எவ்வளவு பழையது என்ற நேரான கேள்வி. கல்தளத்தைப் பொறுத்தவரை விடை ஏமாற்றம் தருவது. மகோமேக்குத் தெற்கே ஓச்சியாய் சாவடியை நோக்கி இறங்கும் பகுதியில் கல்பாவிய வழி சுமார் 840 மீட்டருக்கு இருக்கிறது. அதில் பழைய கற்கள் கிடந்தபடியே இருப்பது சுமார் 70 மீட்டர். மற்றவை பின்னாளில் பாவியவை. மகோமே–சுமாகோ நடைவழியிலும் கல் பாவிய இடங்கள், மரப்படிகள், சிறு பாலங்கள் எல்லாம் நடப்பவர்களுக்காகச் சீர்செய்தவை. 7ஆம் எண் மாகாணச் சாலை மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. நடைவழி அதைப் பல இடங்களில் குறுக்கே கடக்கிறது, சில இடங்களில் குடியிருப்புகளுக்கு நடுவே தார்ச்சாலையாகவே போகிறது. ஊர் முனையில் நிற்கும் அரசாணைப் பலகைகளும் மறுபதிப்புகள்.

தடத்தைப் பார்த்தால் படம் மாறுகிறது. கணவாயின் இடம், ஓடையை ஒட்டிய இறக்கம், ஓதாகி, மேதாகி என்ற ஆண்–பெண் அருவிகளின் அருகாமை, சாவடி ஊர்களின் நுழைவில் வழி சட்டென்று செங்கோணமாக இருமுறை திரும்பும் அமைப்பு ஆகியவை பெருவழிக் காலத்தின் திட்டத்தையே காட்டுகின்றன. படை நேராக ஊருக்குள் பாய்ந்துவிடாமல் தடுக்க அந்தத் திருப்பம் என்பது வழக்கமான விளக்கம். சுமாகோவில் அந்த இடத்தில் தெரு இரண்டாகப் பிரிந்து, பழைய கிளை சில படிகள் இறங்கித் தாழ்ந்த கூரைகளை உரசிக்கொண்டு போய் மறுபடி மேலே சேர்கிறது. வண்டிப் போக்குவரத்துக்காகப் பிற்காலத்தில் நேராக வெட்டிய தெரு பக்கத்திலேயே இருக்கிறது. பழைய தடத்தையும் அதைத் திருத்திய தடத்தையும் ஒரே பார்வையில் காணக்கூடிய இடம் இந்த வழியில் இதுவே.

அருவிகளுக்கு இன்னொரு புகழும் உண்டு: யோஷிகாவா எய்ஜி 1930களில் எழுதிய 'மியாமோதோ முசாஷி' தொடர்கதையின் ஒரு காட்சி அங்கே நிகழ்கிறது. கதையில் நடந்ததை வரலாற்றில் நடந்ததாகவே நினைத்துப் படம் எடுத்துக்கொள்பவர்கள் குறைவில்லை.

பொருள் புதியது, தடம் பழையது என்றால் எதை அசல் என்பது? 1964இன் வெனிஸ் சாசனம் மூலப்பொருளுக்கு முதன்மை தந்தது. 1994இல் ஜப்பானின் நாராவில் உருவான ஆவணம், வடிவம், பயன்பாடு, மரபு, சூழல் ஆகியவற்றையும் அசல் தன்மையின் அளவைகளாக ஏற்றது. இந்த விவாதத்தில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே ஆலயத்தை உடனே இழுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஒப்பீடு இங்கே பொருந்தாது. இசேயில் மறுகட்டுமானம் தொடர்ந்து வந்த சடங்கு. சுமாகோவில் மறுகட்டுமானம் ஒரு முறிவுக்குப் பின் வந்த தீர்மானம். நூறாண்டு இடைவெளி இருந்தது, பயனும் மாறிவிட்டது. சுமைக்காரர் நடந்த வழியில் இன்று நடப்பவர் சுமையைத் தனியே அனுப்பிவிட்டுப் போகிறார். நாரா ஆவணத்தின் அளவைகளில் வடிவமும் சூழலும் இந்த வழிக்குப் பொருந்துகின்றன, பயன்பாடு பொருந்தவில்லை. மாறாமல் இருக்கும் பாதை என்ற சொல்லைக் கைவிட்டு, பழைய தடத்தில் அமைந்த 20ஆம் நூற்றாண்டு நடைவழி என்று இதை அழைப்பதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

எல்லை மாறியபோது

இரண்டு ஊர்களும் இன்று வெவ்வேறு மாகாணங்களில் இருப்பது அண்மைக் காலச் செய்தி. மகோமே இருந்த கமிசாகா கிராமம் மலைக்குத் தெற்கே சமவெளியைப் பார்த்தது. சந்தையும் வேலையும் கிஃபு மாகாணத்தின் நகசுகாவாவில். 1958இல் மாகாணம் மாறுவது பற்றிக் கடும் பூசல் எழுந்து கிராமமே பிளந்தது. ஒரு பகுதி நகசுகாவாவோடு சேர, மகோமே நகானோவிலேயே தங்கி யமகுச்சி கிராமத்தின் பகுதியானது. 2005 பிப்ரவரியில் யமகுச்சி முழுவதும் நகசுகாவாவோடு இணைந்தபோது மகோமேயும் கிஃபுவுக்குப் போயிற்று. அப்போதைய நகானோ ஆளுநர் தனகா யசுவோ அதை வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்ப்பில் தோசோனின் பெயர் அடிக்கடி அடிபட்டது. நகானோவின் பழம்பெயரான ஷினானோவின் எழுத்தாளர் பிறந்த ஊர் வேறு மாகாணத்துக்குப் போவதா என்பது கேள்வி. அன்றாடம் எங்கே போய்வருகிறார்கள் என்பதைப் பார்த்து ஊரார் முடிவெடுத்தார்கள். இப்போது மாகாண எல்லை கணவாயின் மேல் ஓடுகிறது.

இன்றைய நடை

எல்லை பிரித்தாலும் நடைவழியின் நிர்வாகம் இரு பக்கமும் கைகோத்தே நடக்கிறது. ஒரு ஊரின் தகவல் நிலையத்தில் பையைக் கொடுத்தால் மறு ஊரில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு, பயணிகள் மிகுந்த பருவங்களில் உண்டு. வழியோரத்தில் கம்பங்களில் வெண்கல மணிகள் தொங்குகின்றன. கரடி அருகில் இருந்தால் விலகட்டும் என்று நடப்பவர்கள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போகிறார்கள். களைத்தவர்களுக்கு இரு ஊர்களையும் இணைக்கும் பேருந்து இருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் வெளிநாட்டு நடையர்கள் பெருமளவில் வருகிறார்கள். பலகைகளில் பல மொழிகள் ஏறிவிட்டன.

சுமாகோ சாசனத்தின் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. 1971இல் அஞ்சியது வெளியார் வாங்கிவிடுவார்கள் என்று. இப்போது நகிசோ நகராட்சியின் மக்கள்தொகை 4,000 அளவில் நிற்கிறது, முதியவர்களே அதிகம். விற்கவும் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது என்றால், வாரிசு நகரத்திலேயே தங்கிவிட்ட வீட்டில் யார் விளக்கேற்றுவது என்ற கேள்விக்குச் சாசனத்தில் விடை இல்லை. அது எழுதப்பட்டபோது அந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை. மகோமேக்கு இந்தக் கட்டு இல்லை. கடை கைமாறும், முகப்பு மாறும், ஆனால் கதவு திறந்திருக்கும். பாதுகாப்பின் தரத்தில் சுமாகோ உயர்ந்தது என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒப்பீட்டில் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நடைவழிக்கும் இது தொடர்பற்றது அல்ல. இலையுதிர்காலத்தில் சருகு பெருக்குவதும், மழைக்குப் பின் வடிகால் தோண்டுவதும், இச்சிகோகுதோச்சியில் கணப்பு மூட்டுவதும் இரு பக்கத்து ஊராரின் கைவேலை. பகலில் வந்து மாலைப் பேருந்தில் திரும்புகிறவர்கள் தேநீரும் நினைவுப்பொருளும் வாங்குவார்கள். ஓதுமாகோவிலும் சுமாகோவிலும் பழைய வீடுகளைக் குடும்ப விடுதிகளாக நடத்துவோரின் பிழைப்பு இரவு தங்குகிறவர்களையே நம்பியிருக்கிறது. அந்த விடுதிகளில் எத்தனை அடுத்த தலைமுறையின் கைக்குப் போகின்றன என்பதைப் பொறுத்தே 1976இல் வரைந்த அந்த 1,245 ஹெக்டேர் எல்லைக்குள் ஆள் நடமாட்டம் இருக்கும்.